உட்காராத சம்பந்தி

சீட் பட்டறை
ஆகஸ்ட் 6, புதன்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், உங்கள் மகள், உங்கள் மாப்பிள்ளை மூவரும் நலம். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் நலம்தானே. நலம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போன் பேசினால் உங்கள் மகள் காதில் விழும். அவள் காதில் விழுந்தது சம்பந்தியம்மா காதுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நமக்குள் மனஸ்தாபம் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் பதிலையும் பட்டறை விலாசத்துக்கே போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாம் அணைக்கட்டுக்குச் சைக்கிளில் போனோம். தப்பு. நான் போனேன். நீங்கள் பாதி வழி வந்தீர்கள். சுங்கச்சாவடி தாண்டியதும், 'கடையிலேர்ந்து அவசரமா கூப்பிடறாங்க சம்பந்தி' என்று சொல்லிவிட்டு, காய்கறி வேன் ஒன்றைக் கை காட்டி நிறுத்தினீர்கள். சைக்கிளைத் தூக்கிக் கூடைகளுக்கு மேல் போட்டுவிட்டு நீங்களும் பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போய்விட்டீர்கள். டிரைவருக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அது என் பட்டறையில் தைத்த சீட். என் தையல் எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் செட் செய்கிற கடைக்கு என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அது போகட்டும். நேற்று வீட்டுக்கு வந்தீர்கள். 'உட்காருங்க' என்றேன். 'பரவாயில்ல' என்றீர்கள். மறுபடி சொன்னேன். 'இங்க காத்து நல்லா வருது' என்று ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டீர்கள். மின்விசிறி இருப்பது நாற்காலிக்கு மேலே. காப்பியை நின்றபடி குடித்தீர்கள். சாப்பாட்டையும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சாப்பிட்டீர்கள். 'என்னப்பா இது, கல்யாண வீட்ல இடம் கிடைக்காத மாதிரி?' என்று உங்கள் மகளே கேட்டுவிட்டாள்.

சம்பந்தி, நான் முப்பது வருடமாக அடுத்தவர்கள் உட்காருவதற்காகவே சீட் தைத்துப் பிழைப்பவன். பஸ், வேன், லாரி, சினிமாக் கொட்டகை, எல்லாவற்றிலும் என் கை வேலை இருக்கிறது. முன்பின் தெரியாத ஜனமெல்லாம் அதில் உட்கார்ந்து போகிறது. என் வீட்டில் என் சம்பந்தி உட்காரவில்லை. எனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தீர்களா?

உங்கள் சைக்கிளுக்கு என் கையாலேயே மெத்தை சீட் செய்து கொடுத்தேன். மூன்று அடுக்கு ஸ்பாஞ்சு, ஏ.சி. பஸ்ஸுக்குப் போடும் ரகம். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது.

அக்டோபர் முதல் ஞாயிறு மறுபடியும் அணைக்கட்டுக்குப் போகிறேன். வருவதாக இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் மருந்துக்கடைக்காரர் வருகிறேன் என்கிறார். அவர் வாய் ஓயாமல் பேசுவார்தான். ஆனாலும் உட்காரச் சொன்னால் உட்காருவார்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


பல் செட் பட்டறை
ஆகஸ்ட் 11, திங்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு முறையும் வியர்த்தது.

வேனில் நான் நின்றது கூடைகள் சரியாமல் பிடித்துக்கொள்வதற்காக. பாவம், அந்த டிரைவர் தனியாள். உங்கள் வீட்டில் நின்றது டாக்டர் சொன்னதால். இப்போதெல்லாம் நிற்பதுதான் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். எந்த டாக்டர் என்று கேட்காதீர்கள், ஊர், பெயரெல்லாம் மறந்துவிட்டது. உங்கள் மேல் எனக்கு என்ன குறை இருக்க முடியும்? என் பெண் வாழ்கிற வீடு அது. அங்கே நான் மரியாதை தெரியாமல் நடந்துகொண்டேன் என்று நீங்கள் நினைத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சீட்டைப் பற்றி எழுதாதது என் தவறு. மிக அருமையான சீட். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். தொட்டுப் பார்க்கிறார்கள். தையல் அப்படி, நிறம் அப்படி. கையால் அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போய் வெளியே வருகிறது. கையால் அமுக்குவதோடு நிறுத்திக்கொண்டால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இதை எழுதும்போது ஒரு டீச்சரம்மா நினைவுக்கு வருகிறார். 'பல் செட்டு ஈறுல குத்தக்கூடாது, மெத்துன்னு இருக்கணும்' என்று பிடிவாதம் பிடித்தார். நானும் உள்பக்கம் மெத்தென்று ஒரு பூச்சுப் போட்டுக் கொடுத்தேன். மெல்லும்போதெல்லாம் அது அமுங்கி அமுங்கி நகர்ந்து, ஈறு முழுக்கப் புண். எனக்கு மனசு கஷ்டப்படும் என்று அந்த அம்மா பல மாதம் சொல்லவே இல்லையாம். கஞ்சியாகவே குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சும்மா எழுதத் தோன்றியது.

அணைக்கட்டுக்கு நான் வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். தயவுசெய்து மருந்துக்கடைக்காரரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

தங்கள் அன்புள்ள,
பெண்ணின் அப்பா


சீட் பட்டறை
ஆகஸ்ட் 18, திங்கள்

சம்பந்தி அவர்களுக்கு,

டீச்சரம்மா கதை புரிந்தது. நான் ஒன்றும் மக்கு இல்லை. நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு, சுற்றி வளைத்து எழுதியிருக்கிறீர்கள். சீட்டில் மெத்தை போதவில்லை. அவ்வளவுதானே? இதைச் சொல்ல இத்தனை பீடிகையா?

இத்துடன் வரும் பார்சலில் ஒரு உறை இருக்கிறது. இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு, அதற்கு மேல் வழவழவென்று ஜெல். இருக்கிற சீட்டுக்கு மேல் மாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். ஆக மொத்தம் நீங்கள் உட்காரப்போவது சைக்கிள் சீட் இல்லை, சோபா.

இன்னொன்று. நீங்கள் சீட்டை ஏணி போல உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். நான் பஸ்ஸுக்கு சீட் போடும்போது முதலில் பார்ப்பது, உட்கார்ந்தவன் கால் தரையில் படிகிறதா என்றுதான். கால் தொங்கினால் இடுப்பு போய்விடும். சைக்கிளுக்கும் அதே கணக்குதான். போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிகிற அளவுக்கு சீட்டை இறக்குங்கள். சீட்டின் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள். அப்போது முன்னால் சரியமாட்டீர்கள். இவ்வளவும் செய்த பிறகு சரியாக இல்லையென்றால் குறை சீட்டில் இல்லை.

நேற்று வழக்கம்போல இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற நம்முடைய பெட்ரோல் பங்க் வரை ஓட்டி வந்தேன். வருவீர்கள் என்று ரொம்ப நேரம் நின்றேன். காற்று அடிக்கிற பையன்கூட 'இன்னொரு சார் வரலையா?' என்று கேட்டான். மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் என்னால் இருக்க முடிவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இருந்தும் முடிவதில்லை. 'வாங்க, சைக்கிள்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம்' என்று முதலில் கூப்பிட்டது நீங்கள்தான். பழக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது நியாயமா?

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


பல் செட் பட்டறை
ஆகஸ்ட் 28, வியாழன்

சம்பந்தி,

இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். குப்புற.

நீங்கள் சொன்னது அத்தனையும் செய்தேன். உறையை மாட்டினேன். சீட்டை இறக்கினேன். முழங்கால் தாடையில் இடிக்காத குறை. தவளை சைக்கிள் விடுகிறது என்று எங்கள் தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். மூக்கைத் தூக்கி வைக்கச் சொன்னீர்கள். வைத்தேன். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

இனியும் மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன். உங்கள் சீட் என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது. கடைத்தெரு வரைக்கும் சொர்க்கம். தூரம் கூடக்கூட, உட்காருகிற எலும்பு இரண்டும் ஸ்பாஞ்சுக்குள் புதைந்துவிடுகிறது. அவை கீழே போனால் நடுப்பகுதி மேலே எழும்பி வந்து அழுத்துகிறது. எந்த இடத்தை என்று எழுத என் பேனாவுக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குச் சுங்கச்சாவடி வரைக்கும் நான் வந்ததே பெரிய காரியம். கடையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அந்த வேன் டிரைவரை நான் முன்பின் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் நான் உட்காரவில்லை என்று வருத்தப்பட்டீர்களே, நான் அந்த வாரம் முழுக்க எங்கேயும் உட்காரவில்லை. பட்டறையில் நின்றுகொண்டே பல் செட்டை அரத்தால் ராவினேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? பெண்ணைக் கொடுத்த இடம். நீங்கள் ராப்பகலாகத் தைத்து, காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்த சீட். 'சம்பந்தி, இதுல உட்கார்ந்தா எனக்குப் புண்ணாகுது' என்று எந்த வாயால் சொல்வேன்? ஊரில் எத்தனை வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன், என் வாய் மட்டும் திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பல் செட் குத்தினால் நாங்கள் அச்சு எடுப்போம். எலும்பு எங்கே இருக்கிறதோ அங்கே பாரம் விழ வேண்டும், மென்மையான இடத்தில் எதுவும் படக்கூடாது. கட்டைபோல இருந்தாலும் சரியாகப் பொருந்தினால் வலிக்காது. அதனால் ஈறுக்கு அச்சு எடுக்கிற ரோஸ் மெழுகை வெந்நீரில் இளக்கி, முக்காலியில் தகடாகப் பரப்பி, சைக்கிள் நிக்கரோடு அதன்மேல் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டாள். 'ஊரார் வாயில எடுத்தது போதாதா, இப்ப இங்க ஆரம்பிச்சுட்டீங்களா?' என்றாள்.

அந்த அச்சை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு குழி தெரியும். அவைதான் எலும்பு. அதை வைத்து ஒரு சீட் செய்ய முடியுமா பாருங்கள். விரலால் அமுக்கினால் கொஞ்சமும் உள்ளே போகக்கூடாது.

பெட்டி எங்கே தொலைந்துவிடுமோ என்று பயந்து, நம்பிக்கையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும் என்று வீட்டு விலாசம் போட்டிருக்கிறேன். தயவுசெய்து தனியாகப் பிரியுங்கள். மேலே 'அந்தரங்கம்' என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் என் மகள் நிச்சயம் பிரித்துவிடுவாள். அதனால் யாரும் கண்டுகொள்ளாதபடி 'பல் மாதிரி' என்று எழுதிவிட்டேன்.

என்மேல் கோபப்படாதீர்கள்.

பெண்ணின் அப்பா


சீட் பட்டறை
செப்டம்பர் 2, செவ்வாய்

சம்பந்தி,

'பல் மாதிரி' என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்களா? பிறந்ததிலிருந்து பல் மாதிரிகளுக்கு நடுவே வளர்ந்த பெண் அவள். சொப்பு வைத்து விளையாடுகிற வயதில் கடைவாய்ப் பல் வைத்து விளையாடினேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். 'அப்பா கிட்டேர்ந்து வந்திருக்கு!' என்று ஆசை ஆசையாகச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்துவிட்டாள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். உங்கள் மாப்பிள்ளை இருந்தான். போதாக்குறைக்கு மருந்துக்கடைக்காரர் வேறு இருந்தார்.

அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'இது யாரு வாய்? இவ்வளவு பெருசா இருக்கு?' என்றாள்.

'மனுஷ வாய் மாதிரி தெரியலையே' என்றான் என் மகன்.

'உங்க சம்பந்தி குதிரைக்கெல்லாம் பல் கட்டறாரா சார்?' என்றார் மருந்துக்கடைக்காரர். கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, குழிகளில் விரலை விட்டு வேறு பார்த்தார்.

நான் ஈரக் கையோடு ஓடி வந்து பெட்டிக்குள்ளிருந்த கடிதத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன். படித்துப் பார்க்காமலேயே அது என்ன வாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பார்க்கிற பார்வையிலேயே தெரியும், என் தொழில் அது. 'புது மாடல் பஸ் சீட்டுக்கு மாதிரி' என்று சொல்லிச் சமாளித்தேன். 'அழகா இருக்கு மாமா, இருக்கட்டும்' என்று சொல்லி உங்கள் மகள் அதை மேசை நடுவிலேயே வைத்துவிட்டாள். அதில் இப்போது இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கிறது. கச்சிதமாகப் பொருந்துகிறது.

சிரிப்பு வரவில்லை எனக்கு. கோபம்தான் வருகிறது. என் சீட் குத்துகிறது என்று இந்த முப்பது வருடத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாமல் மறைத்து, வேன் ஏறி, பொய் சொல்லி, டாக்டரைக் கற்பனை பண்ணி, கடைசியில் மெழுகில் உட்கார்ந்து அனுப்பியிருக்கிறீர்கள்.

ஒன்று சொல்லட்டுமா? என் சைக்கிளில் இருப்பது பழைய தோல் சீட். காய்ந்து கட்டையாகிவிட்டது. அந்த ஏ.சி. பஸ் ஸ்பாஞ்சு ஒரு சீட்டுக்குத்தான் மிச்சம் இருந்தது. நல்லதை உங்களுக்குப் போட்டுவிட்டு மட்டமானதை நான் வைத்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றிருந்தேன். இப்போது புது ஸ்பாஞ்சு வந்திருக்கிறது. அதே அளவு, அதே அடுக்கு, மேலே அதே ஜெல் உறை, என் சைக்கிளுக்கும் தைக்கிறேன். இந்த ஞாயிறு அதில் உட்கார்ந்து பெட்ரோல் பங்க் போய்த் திரும்பி வந்து, குறை யாரிடம் என்று எழுதுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


பல் செட் பட்டறை
செப்டம்பர் 5, வெள்ளி

சம்பந்தி,

போகாதீர்கள்.

இது உங்கள் கைக்கு வருவதற்குள் கிளம்பியிருப்பீர்கள் என்று தெரியும். போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். என் மகள்தான் எடுத்தாள். 'என்னப்பா, அந்தக் குதிரைக்குப் பல் கட்டியாச்சா?' என்றாள். வைத்துவிட்டேன்.

கிளம்பினாலும் திரும்பி பஸ்ஸில் வாருங்கள். வலித்தால் பெடலில் எழுந்து நின்று மிதியுங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், மூக்கை மட்டும் தூக்கி வைக்காதீர்கள்.

எனக்கு மட்டமான சீட்டைக் கொடுத்துவிட்டு நல்லதை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு நாள் மனதுக்குள் நினைத்தேன். அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

அந்த எலுமிச்சம்பழத்தில் யாரும் சாறு பிழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்ணின் அப்பா


சீட் பட்டறை
செப்டம்பர் 8, திங்கள்

சம்பந்தி,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு எழுதுகிறேன்.

ஊர் எல்லை வரைக்கும் ராஜா மாதிரி போனேன். பாலம் தாண்டியதும் லேசாகச் சந்தேகம் வந்தது. செங்கல் சூளை தாண்டியதும் சந்தேகம் தீர்ந்தது. பெட்ரோல் பங்க்கில் இறங்கியபோது கால் இரண்டையும் சேர்த்து வைக்க முடியவில்லை. மூக்கைத் தூக்கி வைத்திருந்தேன். நீங்கள் எழுதாமல் விட்டது போலவே நானும் விட்டுவிடுகிறேன்.

திரும்பி வரும்போது சைக்கிளை பஸ்ஸின் மேல் ஏற்றிவிட்டேன். உள்ளே ஏறினால் பாதி பஸ் காலி. எல்லாம் என் பட்டறை சீட். கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர் தங்கமான ஆள். 'பெரியவரே, இவ்வளவு இடம் இருக்கே, உட்காருங்க' என்றார். 'பரவாயில்ல' என்றேன். மறுபடியும் சொன்னார். 'இங்க காத்து நல்லா வருது' என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஜன்னல் பக்கம் தட்டோடு நின்ற உங்களை நினைத்துக்கொண்டேன். நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். கண்டக்டர் தள்ளிப் போய்விட்டார்.

குறை சீட்டில்தான். பஸ்ஸில் உட்காருகிறவன் சும்மா உட்காருகிறான், சைக்கிளில் உட்காருகிறவன் உட்கார்ந்தபடி வேலை செய்கிறான் என்பது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாதியில் போனதற்காக நான் கோபப்படவில்லை. உட்காராததற்குக்கூட அவ்வளவு இல்லை. அந்த வேனில் ஏறும்போது என்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே, அதுதான். அன்றைக்கு எனக்கும் உள்ளங்கை இரண்டும் மரத்துப்போய், பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாத நிலை. வேனைப் பார்த்ததும் என் மனசு துள்ளியது. நீங்கள் பாட்டுக்கு ஏறிப் போய்விட்டீர்கள். மிச்ச தூரம் முழுக்க வீம்புக்காக ஓட்டினேன். அணைக்கட்டில் இறங்கித் தண்ணீரைப் பார்த்தேன், பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது போலவே இருந்தது. அழுகை வந்துவிட்டது சம்பந்தி.

கைக்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோர்க்கும்போதுகூட விரல் நுனி உணர்வில்லாமல் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் ஏதோ மாத்திரை தருகிறேன் என்கிறார். எனக்கு அவரிடம் கேட்கப் பிடிக்கவில்லை.

உங்கள் சம்பந்தி


பல் செட் பட்டறை
செப்டம்பர் 12, வெள்ளி

அன்புள்ள சம்பந்தி,

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பீர்களா? 'நான் என்ன கிழவனா?' என்று என்னைத் திட்டியிருப்பீர்கள். அந்தப் பயத்தில்தான் கூப்பிடவில்லை. உங்களைத் தனியாக விட்டுப்போனது எனக்கு வழியெல்லாம் உறுத்தியது. பின்னால் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். நீங்கள் சின்னதாகிக்கொண்டே போனீர்கள். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அந்த சீட்டை நினைத்ததும் இறங்கவில்லை. உண்மையைச் சொல்வது என்று ஆனபிறகு இதையும் சொல்ல வேண்டுமே.

உங்கள் கை விஷயம் எனக்கு முன்பே தெரியும். அன்று காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தீர்கள். நின்றுகொண்டிருந்ததால் மேலேயிருந்து நன்றாகத் தெரிந்தது. கேட்டால் வருத்தப்படுவீர்களோ என்று கேட்கவில்லை. நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வருத்தப்படுத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே ஊனமாகிவிடுவோம் போலிருக்கிறது.

கவனமாகக் கேளுங்கள். உங்கள் ஹேண்டில்பார் சீட்டிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது. நீங்கள் முழங்கையை விறைப்பாக நீட்டி, உடம்புப் பாரத்தையெல்லாம் உள்ளங்கையில் போட்டு ஓட்டுகிறீர்கள். பின்னால் வரும்போது நான் கவனித்திருக்கிறேன், தண்டால் எடுக்கிறவர் மாதிரி இருக்கும். ஹேண்டிலைத் தாங்குகிற கழுத்துக் கம்பியில் குட்டையானது கிடைக்கும். அதைப் போட்டு, ஹேண்டிலை உங்கள் பக்கம் இழுத்து, இரண்டு விரற்கடை உயர்த்துங்கள். முழங்கை லேசாக மடங்க வேண்டும். பிடிக்கு இரண்டு சுற்று டேப் சுற்றுங்கள். ஓட்டும்போது ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்காமல் அடிக்கடி கையை மாற்றுங்கள். நடுநடுவே கையை உதறிக்கொள்வது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை.

சீட்டின் உயரத்துக்குத் தரையில் பாதம் படிய வேண்டாம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் கணக்கு. சீட்டின் மேல் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும். மூக்கு மேலே போகவே கூடாது. இதை இன்னும் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. பல் செட்டையும் ஒரே ராவலில் முடிக்கமாட்டோம்.

உங்கள் சம்பந்தி


சீட் பட்டறை
செப்டம்பர் 27, சனி

அன்புள்ள சம்பந்தி,

ஹேண்டிலை இழுத்துவிட்டேன். கை மரப்பது பெருமளவு நின்றுவிட்டது. நேற்று ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோர்த்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது, ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் சீட் தயார். எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு அச்சை ரகசியமாகப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பழம் வைக்க இடமில்லாமல் போய்விட்டது என்று மருமகள் தேடிக்கொண்டிருக்கிறாள். தடித்த தோலை ஊறவைத்து, அச்சின்மேல் இழுத்து ஆணியடித்துக் காயவைத்தேன். எலும்பு விழுகிற இரண்டு இடத்திலும் மெல்லிய கம்பளி மட்டும். நடுவில் வாய்க்கால் மாதிரி வெட்டி எடுத்துவிட்டேன், எதுவும் படாது. ஸ்பாஞ்சு துளியும் இல்லை. ஸ்பாஞ்சு வைக்காமல் நான் தைக்கிற முதல் சீட் இது. கைக்குப் பழக்கமில்லை, இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன்.

இதைப் பார்சலில் அனுப்பமாட்டேன். நம் பார்சல் லட்சணம் தெரிந்ததுதானே. அடுத்த சனிக்கிழமை சைக்கிளை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வாருங்கள். ரசமட்டம் கொத்தனாரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டி, சரிபார்த்து, ராத்திரி இங்கேயே தங்கி, மறுநாள் விடியலில் இங்கிருந்து அணைக்கட்டுக்குக் கிளம்புவோம். மருந்துக்கடைக்காரரிடம் வேறு ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அருமை, பிரமாதம் என்றெல்லாம் சொன்னீர்கள் என்றால் எனக்குப் பயம் வந்துவிடும்.

வழியில் வேன் வந்தால் இரண்டு பேரும் ஏறுவோம். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஏறாமல் இருப்போம்.

உங்கள் சம்பந்தி


பல் செட் பட்டறை
அக்டோபர் 7, செவ்வாய்

அன்புள்ள சம்பந்தி,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிபந்தனைப்படி குறைகளை எழுதுகிறேன். சீட்டின் இடது ஓரத்தில் தையல் முடிச்சு ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. அணைக்கட்டுக்குப் போகும்வரை பொறுத்துக்கொண்டேன், திரும்பும்போது தொடையில் உரசியது. அடுத்த முறை பிரித்து உள்பக்கமாகத் தைத்துக் கொடுங்கள். தோல் இன்னும் கிரீச் கிரீச்சென்று சத்தம் போடுகிறது, அதற்கும் ஏதாவது எண்ணெய் தடவுங்கள். ஏற்றத்தில் நீங்கள் பாடுவதை நிறுத்த வேண்டும். கை சரியான சந்தோஷம் புரிகிறது, ஆனால் பின்னால் வருகிறவனுக்கும் மூச்சு வாங்குகிறது, சிரிக்கத் தெம்பில்லை. சுங்கச்சாவடி தாண்டியதும் அதே காய்கறி வேன் வந்து, அந்த டிரைவர் ஆசையோடு வேகத்தைக் குறைத்தாரே, அப்போது நீங்கள் அவரைப் பார்த்து அவ்வளவு கர்வமாகக் கையாட்டியிருக்க வேண்டாம். நாளைக்கே தேவைப்படலாம்.

என் மகளிடம் அந்த வாய் யாருடையது என்று சொல்லிவிட்டேன்.  'மருந்துக்கடை அங்கிள் விரலை விட்டுப் பார்த்தாரேப்பா' என்றாள். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக ஒரு குறை. கல்யாணமான நாளிலிருந்து சொல்ல வேண்டும் என்று இருந்தேன், மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலி இருக்கிறதே, வெறும் பலகை. ஊருக்கெல்லாம் சீட் தைக்கிறவர் வீட்டில் இப்படியா? அதற்கு உங்கள் ஏ.சி. பஸ் ஸ்பாஞ்சை எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போடுங்கள். சீக்கிரம் போடுங்கள். இனி நான் அடிக்கடி வந்து உட்கார வேண்டியிருக்கும்.

உங்கள் சம்பந்தி